நாற்பது டாங்கிகளும் ஒரு கையெழுத்தும்

எண்பத்தேழாம் வருஷம் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில், ஏழாவது மாடியில் உள்ள ஒரு மூவறை வீட்டிலிருந்து நான் நாற்பது டாங்கிகளை நடத்திக்கொண்டிருந்தேன். போர் நடந்தது ஐரோப்பாவில், வாயில் நுழையாத பெயருள்ள ஒரு சமவெளியில். எதிரி கிழக்கிலிருந்து வருவான். நான் மேற்கே காட்டோரமாக ஒளிந்திருந்து அடிப்பேன். இடுப்பில் கைலி, தலைக்கு மேலே மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குவளை மைலோ. இவ்வளவு வசதியான தளபதி வேறு எந்தப் படைக்கும் வாய்த்திருக்க மாட்டான்.

நிஜ ராணுவத்தில் நான் ஸ்டோர்மேன், சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. தேசிய சேவைக்குப் போனபோது என் கண்ணாடியின் தடிமனைப் பார்த்த டாக்டர், நான் துப்பாக்கி பிடித்தால் இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து என்று முடிவு செய்திருக்க வேண்டும். கூடப் போனவர்கள் டாங்கி ஓட்டினார்கள், பாலம் கட்டினார்கள். நான் இரண்டு வருஷம் சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணினேன். சேவை முடிந்து ரிசர்விஸ்ட் ஆன பிறகும் வருஷா வருஷம் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். போனால் அதே ஸ்டோர், அதே தட்டுகள், அதே எண்ணிக்கை.

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் எனக்கு வரைபடம் போடுகிற வேலை. வீட்டிலும் வேலை செய்யலாம் என்று சொல்லித்தான் பிரிஜட்டிடம் கம்ப்யூட்டருக்குச் சம்மதம் வாங்கினேன். பிரிஜட் என் மனைவி, நல்லவள். மூன்று வருஷத்தில் அந்தத் திரையில் ஒரு கப்பலைக்கூடப் பார்க்காதவள், டாங்கிகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன கப்பலுங்க, சக்கரம் வெச்சிருக்கு?" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அதோடு விட்டுவிட்டாள். அவள் விட்டதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து டன்லப் ஸ்திரீட்டுக்குள் திரும்பினால், மசாலா அரைக்கிற கடைக்கு மேல்மாடியில் நூருல் அமீன் பாயின் கடை. கம்ப்யூட்டர் பாகங்களை மிளகாய் வாசனையோடு விற்றவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். பொய் சொல்ல மாட்டார். உண்மையைத் தவணை முறையில் சொல்வார்.

"இப்ப உள்ள மெமரில டாங்கி ஓடும் ஜார்ஜு. ஆனா சண்ட போடாது லா" என்றார் முதல் வருஷம்.

அதனால் மெமரி சில்லுகள் வாங்கினேன். ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பலகையில் அழுத்திப் பொருத்த வேண்டும். ஒன்றின் கால் வளைந்துவிட்டது. பிரிஜட் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் அதை நிமிர்த்தினேன். டாங்கிகள் சண்டை போட்டன.

"சண்ட சரி. கலர் வேணாமா?" என்றார் அடுத்த தடவை.

அதனால் பழைய திரையை அவரிடமே கொடுத்துவிட்டுக் கலர் கார்டு வாங்கினேன். மொத்தம் நான்கு நிறம் என்று அவர் சொன்னபோது, அதில் கறுப்பும் வெள்ளையும் சேர்த்தி என்பதைச் சொல்லவில்லை. மீதி இரண்டும் ரோஸும் வெளிர்நீலமும். உலகத்திலேயே ரோஸ் நிறக் காட்டுக்குள் ரோஸ் நிற டாங்கியை ஒளித்துவைத்துப் போரிட்டவன் நான்தான். கலர் திரை வாங்க வசதியில்லை. அதற்கும் பாய் ஒரு வழி வைத்திருந்தார். தானே சால்டரிங் செய்த ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, வீட்டு டிவியின் ஏரியல் வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகு என்றார். அன்றிலிருந்து எங்கள் டிவி போர்முனைக்குப் போய்விட்டது. பிரிஜட் தமிழ் நிகழ்ச்சி பார்க்கப் பக்கத்து வீட்டு அந்தோனியம்மாள் அக்காவிடம் போக ஆரம்பித்தாள்.

பிறகு வந்தது வேகம். பலகையையே மாற்றினால் இரண்டு மடங்கு வேகம் என்றார். மாற்றினேன். டாங்கிகள் பறந்தன. என்னுடையவை மட்டுமா? எதிரியுடையவையும். போன மாதம் வரைக்கும் நிதானமாக வந்து சுடுபட்டுச் செத்துக்கொண்டிருந்தவன், இப்போது நான் பொத்தானைத் தேடுவதற்குள் என் காட்டுக்குள்ளேயே வந்து நின்றான். கைக்காசைப் போட்டு எதிரிக்கு வேகம் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று பாயிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். நிஜப் போரும் அப்படித்தானே என்றார்.

புதுப் பலகை சூடானது. மூடியைக் கழற்றி வைத்தேன். மூடியைக் கழற்றியதும் வீட்டு ரேடியோவில் பாட்டுக்குப் பதிலாகக் கொர்ரென்று ஒரு சத்தம் வந்தது. எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் அதே சத்தம். ரேடியோவை அணைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். போன் மட்டும் பாக்கி. போர் மும்முரமாக இருக்கும்போது பிரிஜட்டின் தங்கச்சி கூப்பிட்டு, மாதாகோயில் ஐக்கியக் கூட்டத்தில் யார் என்ன சேலை கட்டினார்கள் என்று விசாரிப்பாள். டாங்கி ஆட்டத்துக்கு உட்கார்ந்தால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

டிவி, ரேடியோ, போன். மூன்றையும் வரிசையாகச் சாத்திவிட்டேன். அப்போது எனக்கு அது வரிசையாகவே தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் எனக்கு ஓர் ஆசை முற்றிப்போயிருந்தது. ஸ்டோரை விட்டு எங்கள் படையின் ஆபரேஷன்ஸ் ரூமுக்குப் போக வேண்டும். அங்கே பெரிய மேசையில் வரைபடம் விரித்திருக்கும், வயர்லெஸ் இருக்கும், டாங்கி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் இருப்பார்கள். தட்டு எண்ணுகிறவன் அந்த வாசலைத் தாண்டி டீ கொண்டுபோகலாம். உள்ளே உட்கார முடியாது. நான் உட்கார விரும்பினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முப்பத்தொரு வயதில் நான் வேறெதையும் அவ்வளவு விரும்பியதில்லை.

படையில் எங்கள் பிரிவான கம்பெனியின் கமாண்டருக்கு ஒரு கடிதம் டைப் அடித்து, என் பிரிண்டரிலேயே அச்செடுத்தேன். அவர் ஒரு சீன கேப்டன், என்னைவிட இளையவர், வெளியில் வங்கி வேலை. 'கவச வாகனப் பிரிவுகளை வழிநடத்துவதில் எனக்கு மூன்று வருஷ அனுபவம் உண்டு' என்று எழுதியிருந்தேன். எங்கே வழிநடத்தினேன் என்று எழுத மறந்துவிட்டேன்.

கடிதத்துக்குக் கீழே பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டவன் சேதுபதி. எங்கள் பிளட்டூன் சார்ஜண்ட். சேவையில் ஒரே அடுக்குக் கட்டிலின் மேலும் கீழும் படுத்தவர்கள் நாங்கள். இப்போது பஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டர்.

"டேய், நீ சொல்றதெல்லாம் எனக்குப் புரியல. ஆனா நீ உக்காந்தா உருப்படியா செய்வன்னு தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்திட்டான்.

அடுத்த திரட்டல் முடியட்டும், பார்த்துவிட்டு மாற்றுகிறேன் என்று கேப்டன் பதில் சொல்லியிருந்தார்.

திரட்டல் என்றால் இதுதான். ஏதோ ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், ஒவ்வொரு படையின் ரகசியப் பெயரையும் டிவியிலும் ரேடியோவிலும் சினிமாக் கொட்டகைத் திரையிலும் காட்டுவார்கள். தன் பெயரைப் பார்த்தவன் எங்கிருந்தாலும் சீருடை மாட்டிக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் முகாமில் நிற்க வேண்டும். எங்கள் படையின் பெயர் ரெட் கெட்டில். ராணுவத்தில் பெயர் வைப்பவரின் வீட்டில் அன்றைக்கு என்ன கொதித்துக்கொண்டிருந்ததோ தெரியாது. அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். திரட்டலுக்கு நான் தயாராகவே இருந்தேன்.

அது ஒரு சனிக்கிழமை. பிரிஜட் மத்தியானமே மாதாகோயிலில் நொவினா ஜெபத்துக்குக் கிளம்பினாள். நான் ஏரியல் வயரைப் பிடுங்கி, டப்பாவைச் சொருகி, ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று புது ஆட்டம். 'நிஜப் போரே இதுதான்' என்று அதன் பெட்டியின் மேல் போட்டிருந்தது. அதில் டாங்கிக்கு டீசல் தீரும், குண்டு தீரும். பின்னாலிருந்து சப்ளை லாரி வந்து கொடுத்தால்தான் மேற்கொண்டு நகர முடியும். இந்த உண்மையெல்லாம் யார் கேட்டார்கள் என்று எரிச்சலாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை முகாமில் படுகிற பாடு போதாதா?

நாலு மணிவாக்கில் நான் எதிரியைச் சுற்றி வளைத்துவிட்டேன். அப்படி ஒரு வளைப்பை என் வாழ்நாளில் செய்ததில்லை. இன்னும் ஒரு மைல் நகர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அப்போது திரையின் அடியில் ஒரு வரி வந்தது: சப்ளை டிலேய்ட்.

நாற்பது டாங்கிகளும் நின்றன. காத்திருந்தேன். மறுபடி அதே வரி. எதிரி ஓட்டை கண்டுபிடித்து நழுவ ஆரம்பித்தான். நான் எழுந்து நின்று திட்டினேன். "எந்தக் கழுதைடா அந்த ஸ்டோர்மேன்? நாற்பது வண்டி நடுக்காட்டுல நிக்குது, நீ எங்கடா போய் உக்காந்துருக்க?" இதைவிட மோசமாகவும் சொன்னேன். மாதா படம் மாட்டியிருந்த சுவர் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

ஐந்து முறை புதிதாக ஆரம்பித்தேன். ஐந்து முறையும் அந்த லாரி வரவில்லை.

ஆறே முக்காலுக்குப் பிரிஜட் வந்தாள். கையில் ஒரே ஒரு தோசைப் பொட்டலம். வாசலில் செருப்பைக் கழற்றியவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்க போகலையா?"

"எங்க?"

"கெட்டில் போட்டாங்களே. மூணு மணிலேர்ந்து டிவில போடுறாங்களாம். பஸ் ஸ்டாப் முழுக்கப் பச்ச சட்டை. தங்கச்சி வீட்டு டிவில நானே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"போன் பண்ணேன், எங்கேஜ்டாவே இருந்துச்சு. சரி, நீங்கதான் மொத ஆளா போயிருப்பீங்கன்னு நெனச்சேன். நாள் முழுக்க சண்ட சண்டன்னு இருக்கிற மனுஷன்." பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "அதான் ஒண்ணு மட்டும் வாங்கினேன்" என்றாள்.

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே என்னை நம்பியிருந்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

ஏழு மணிக்கு முகாமில் நிற்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. சீருடைக் கால்சட்டையின் பொத்தான் துளையைச் சந்திக்க மறுத்தது. பெல்ட்டால் இழுத்துக் கட்டினேன். பூட்ஸோ, அலமாரியின் அடியில், கார்டும் பலகையும் வந்த அட்டைப் பெட்டிகளுக்குக் கீழே கிடந்தது. டாக்சியில் ஏறும்போது இடது பூட்ஸின் அடி கழன்று நடைபாதையிலேயே தங்கிவிட்டது, மிச்சத்தையும் கழற்றி வீச வேண்டியதாயிற்று. மெமரி, கலர், வேகம் என்று மூன்று வருஷமாக எல்லாவற்றையும் மாற்றியவன் அதை ஒருநாள்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

டாக்சிக்காரர் ஒரு சீனக் கிழவர். அவருடைய ரேடியோ துல்லியமாகப் பாடியது. இரண்டு பாட்டுக்கு ஒரு முறை ரெட் கெட்டில், ரெட் கெட்டில் என்றது. புக்கிட் பாத்தோக்கைத் தாண்டும்போது அவர் கண்ணாடியில் என்னையும் என் ஒற்றைப் பூட்ஸையும் பார்த்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். நல்ல மனுஷர்.

முகாமுக்குப் போனபோது ஏழே முக்கால். ஏன் இவ்வளவு அமைதி என்று முதலில் புரியவில்லை. மற்ற கம்பெனிகளெல்லாம் லாரி ஏறிப் போய்விட்டிருந்தன. எங்கள் கம்பெனி மட்டும் ஸ்டோருக்கு எதிரே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர். ஹெல்மெட் இல்லை, வயர்லெஸுக்கு பேட்டரி இல்லை. எல்லாம் உள்ளே இருந்தன. கதவுச் சாவி வாசல் காவலர் அறையில் இருந்தது. ஆனால் ஸ்டோர்மேன் கையெழுத்தில்லாமல் ஒரு தட்டுகூட வெளியே போகக் கூடாது என்பது விதி. இன்னொரு ஸ்டோர்மேன் துவாஸில் வேலை செய்கையில் காலை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். மிச்சம் இருந்தது நான்.

அந்த விதியைப் போன வருஷம் நான்தான் பெரிதாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு டார்ச்சுக்காக வந்த கேப்டனையே, ஃபாரம் நிரப்பாமல் தர முடியாது சார் என்று திருப்பி அனுப்பினேன். ஸ்டோர்மேனுக்கு வேறென்ன சந்தோஷம் இருக்கிறது? அதை அவர் மறக்கவில்லை.

நான் நொண்டிக்கொண்டே போய் சல்யூட் அடித்தேன். கேப்டன் கோபப்படவில்லை. கையில் ஒரு கோப்பு, அதன் மேலே என் கடிதம். பிரிண்டர் எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எங்கே இருந்தாய்?"

பொய் சொல்ல ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். டாக்சியிலேயே மூன்று பொய் தயாரித்திருந்தேன். மாமியார் நெஞ்சு வலி அதில் முதலிடம். ஆனால் நூற்றுப் பன்னிரண்டு பேர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"வீட்டில், சார். கம்ப்யூட்டரில் போர் விளையாடிக்கொண்டிருந்தேன்."

யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. கேப்டன் என் கடிதத்தை ஒரு முறை பார்த்தார்.

"ஜெயித்தாயா?"

"இல்லை, சார்."

"ஏன்?"

நான் தரையைப் பார்த்தேன். வலது காலில் பூட்ஸ், இடது காலில் காலுறை.

"சப்ளை வரவில்லை, சார்."

நூற்றுப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்று மணி நேரம் சிமெண்டில் உட்கார்ந்தவர்களுக்கு அது தேவையாகக்கூட இருந்திருக்கும். கேப்டனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேதுபதி மட்டும் சிரிக்கவில்லை. வரிசையின் முன்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டன் கடிதத்தை இரண்டாக மடித்து என்னிடமே கொடுத்தார். தண்டனையைப் பிறகு சொல்கிறேன், இப்போது கதவைத் திற என்றார். அந்த ஆபரேஷன்ஸ் ரூமைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை, நானும் பேசவில்லை.

திறந்தேன். மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு ஹெல்மெட், ஒரு பெல்ட், ஒரு தண்ணீர்ப் புட்டி. அவன் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. "தேங்க் யூ, ஜெனரல்" என்று ஒரு மலாய்ப் பையன் சொல்லிவிட்டுப் போனான். அடுத்தவனும் அதையே சொன்னான். தொடர்ந்து நாற்பது பேர் சொல்லியிருப்பார்கள். நான் தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் கை வேகமாக வேலை செய்தது. எந்தப் பெட்டி எங்கே என்று எனக்குத்தான் தெரியும். இருபத்தைந்து நிமிஷத்தில் அத்தனை பேரும் தயாராக நின்றார்கள். இவ்வளவு வேகத்தை நான் டன்லப் ஸ்திரீட்டில் வாங்கவில்லை.

கடைசியாகச் சேதுபதி வந்தான். ஹெல்மெட்டை வாங்கித் தலையில் வைத்துப் பட்டையை இழுத்தான்.

"சேது, மன்னிச்சுக்கடா."

"பதினோரு தடவ போன் பண்ணேன்" என்றான். "நீ மேல கட்டில்ல படுத்துக்கிட்டு இதையே சொல்லுவ, ஞாபகமிருக்கா? என்னய ஒரு ஆளா யாரும் எண்ண மாட்டேங்குறாங்கன்னு. இன்னிக்கு மூணு மணி நேரம் ஒன்னய மட்டும்தாண்டா எண்ணிக்கிட்டு இருந்தோம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு லாரிக்குப் போனான். கிளம்பிய கம்பெனிகளின் பட்டியலில் அன்றைக்கு எங்கள் கம்பெனி கடைசி.

தண்டனை வந்தது. அதிகப்படியாக இரண்டு வாரம் முகாம், அதே ஸ்டோரில். பிரிஜட் டிவியில் ஏரியல் வயரை மறுபடி சொருகினாள். நான் தடுக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மூடி போட்டேன், ரேடியோ பாட ஆரம்பித்தது. நூருல் அமீன் பாயிடம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் திரை வாங்கி வந்தேன். டவுன்கிரேடு செய்ய வந்த முதல் ஆள் நான்தான் என்று அவர் வருத்தப்பட்டார்.

ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவ்வளவு திருந்திவிடவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே ஆட்டத்தைப் போட்டேன், அதே வளைப்பைச் செய்தேன். ஒரு மைல் பாக்கி இருக்கும்போது அதே வரி வந்தது. சப்ளை டிலேய்ட். நாற்பது டாங்கிகளும் காட்டுக்குள் நின்றன, எதிரி நழுவினான்.

"என்னங்க, இன்னிக்கு சத்தமே காணோம்?" என்று சமையலறையிலிருந்து பிரிஜட் கேட்டாள்.

நான் மைலோவைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த ஸ்டோர்மேன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.